தந்தை செல்வா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் பெயர் தெரியாத ஈழத்தமிழர் இல்லை. ஆனால் அவர் என்ன கேட்டார், எதற்கு இணங்கினார், எங்கே ஏமாற்றப்பட்டார் என்று கேட்டால் இளையவர்கள் பலர் தயங்குகிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

செல்வநாயகம் யார்?

இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியவர். 1947 முதல் இடையிடையே சில இடைவெளிகளோடு 1977-இல் இறக்கும்வரை காங்கேசன்துறைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர். அடுத்தடுத்து வந்த இரண்டு பிரதமர்களோடு அல்ல, எட்டு ஆண்டு இடைவெளியில் எதிரெதிர்க் கட்சிகளைச் சேர்ந்த இரண்டு பிரதமர்களோடு ஒப்பந்தம் செய்தவர். இரண்டிலும் அவர் தன் பக்கத்து வாக்கைக் காப்பாற்றினார். என்னைக் கேட்டால் அவருடைய வரலாற்றை இந்த ஒரு வரியிலிருந்துதான் படிக்கத் தொடங்க வேண்டும்.

அவர் மலாயாவில் பிறந்தவர் என்கிறார்களே?

உண்மைதான். 1898 மார்ச் 31 அன்று ஈப்போவில் பிறந்தார். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் படித்த குடும்பங்கள் பல, பிழைப்புக்காக மலாயாவுக்குக் கப்பலேறின. அவருடைய தந்தையும் அப்படிப் போனவரே. செல்வநாயகம் சிறு பிள்ளையாக இருக்கும்போதே தாய் பிள்ளைகளோடு தெல்லிப்பழைக்குத் திரும்பிவிட்டார். தெல்லிப்பழை யூனியன் கல்லூரி, யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரி, கொழும்பு பரி. தோமாவின் கல்லூரி என்று படிப்பு நகர்ந்தது. கடைசியாகச் சொன்ன கல்லூரியில்தான், பின்னாளில் பிரதமரான எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவும் படித்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அரசியலுக்கு வருமுன் என்ன செய்தார்?

லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தை வெளிவாரியாகப் படித்துப் பெற்றார். சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். பிறகு சட்டம் படித்து வழக்கறிஞரானார், அந்நாள் சொல்லில் அப்புக்காத்து. கொழும்பில் சிவில் வழக்குகளில் பெயரெடுத்தவர் அவர். காணி உறுதி, உடன்படிக்கை, கையொப்பம் இவைதான் அவருடைய அன்றாடம். மேடையில் முழங்கும் குற்றவியல் வழக்கறிஞர்கள் நிறைந்த அரசியலில், ஓர் உறுதியின் நான்காம் பந்தியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிற மனிதர் வந்து சேர்ந்தார். எழுதிக் கையொப்பமிட்டால் அது கட்டுப்படுத்தும் என்ற நம்பிக்கை அந்தத் தொழில் கொடுத்தது. பின்னால் அவர் செய்தவற்றையும் அவருக்கு நேர்ந்தவற்றையும் இந்த நம்பிக்கையை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

ஜி. ஜி. பொன்னம்பலத்தை விட்டு ஏன் பிரிந்தார்?

மலையகத் தமிழருக்காக. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

1944-இல் தொடங்கிய அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசில் பொன்னம்பலம் தலைவர், செல்வநாயகம் அவருக்கு அடுத்த நிலையில் இருந்தார். அரசியலமைப்பை ஆராய வந்த பிரித்தானிய சோல்பரி ஆணைக்குழுவின் முன் "ஐம்பதுக்கு ஐம்பது", அதாவது சிங்களவருக்குப் பாதி ஆசனம், சிறுபான்மையினர் எல்லோருக்கும் சேர்த்து மறுபாதி என்று கேட்ட கட்சி அது. 1947 தேர்தலில் இருவரும் பாராளுமன்றம் போனார்கள். மறு ஆண்டே டி. எஸ். சேனாநாயக்கவின் அரசு பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தேயிலைத் தோட்டங்களில் தலைமுறையாக உழைத்த சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1947-இல் மலையகத் தொகுதிகளில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரை அனுப்பியிருந்தது. வாக்குரிமையும் பறிக்கப்பட்ட பிறகு, 1952-இல் அந்த இடங்களில் ஒன்றுகூட அவர்களுக்கு இல்லை.

முதல் சட்டத்தைத் தமிழ்க் காங்கிரஸ் முழுவதும் எதிர்த்தது. அதன்பின் பொன்னம்பலம் அமைச்சராகி அரசில் சேர்ந்தார். அதே மக்களின் பிரஜாவுரிமை பற்றிய இரண்டாவது சட்டம் வந்தபோது அவர் அரசின் பக்கம் வாக்களித்தார், செல்வநாயகம் எதிர்த்து வாக்களித்தார். இன்று அவர்களுக்கு நடப்பது நாளை மொழியின் பேரால் எங்களுக்கு நடக்கும் என்பதுதான் அவர் எச்சரிக்கையின் சாரம்.

அந்த வாக்கால் அவருக்கு ஒரு நன்மையும் இல்லை. காங்கேசன்துறையில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இல்லை. யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கத்தில் பலர் மலையகத் தமிழரைத் தம்மவராக எண்ணாத காலம் அது. அந்த நாளில் அப்படி வாக்களித்தவர் என்பதாலேயே அவர்மேல் எனக்கு அழியாத மரியாதை உண்டு.

கோப்பாய் கு. வன்னியசிங்கம், டாக்டர் இ. எம். வி. நாகநாதன் ஆகியோரோடு வெளியேறி, 1949 டிசம்பர் 18 அன்று கொழும்பு மருதானையில் புதிய கட்சியைத் தொடங்கினார்.

"தமிழரசு" என்றால் தனிநாடு என்றுதானே பொருள்? அப்போதே பிரிவினை கேட்டாரா?

இல்லை. கட்சியின் ஆங்கிலப் பெயர் சமஷ்டிக் கட்சி என்றே இருந்தது. கேட்டதும் ஒன்றுபட்ட இலங்கைக்குள் சமஷ்டிதான், அதாவது கூட்டாட்சி. ஆனால் தமிழ்ப் பெயரில் இருந்த "அரசு" என்ற சொல்லைக் காட்டி, தனி அரசு கேட்கிறார்கள் என்று தெற்கில் பிரசாரம் செய்வது எளிதாகிவிட்டது. பெயர் வைக்கும்போது இன்னும் கவனம் எடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

சமஷ்டி தமிழரின் கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். 1926-இலேயே இலங்கைக்குச் சமஷ்டிதான் ஏற்றது என்று எழுதியவர், அதே ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்து மேடையில் பேசியவர், இளம் பண்டாரநாயக்க. டொனமூர் ஆணைக்குழு வந்த காலத்தில் கண்டிச் சிங்களத் தலைவர்களும் சமஷ்டி கேட்டார்கள். செல்வநாயகம் அதைக் கேட்டபோதுதான் அது நாட்டைப் பிரிக்கும் கோரிக்கை ஆயிற்று.

தேர்தலில் தோற்றதுண்டா?

1952-இல் சொந்தத் தொகுதியில், ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசனிடம் தோற்றார். கட்சிக்குக் கிடைத்தவை கோப்பாய், திருகோணமலை என்ற இரண்டே இடங்கள். 1956-இல் அது பத்தாக உயர்ந்தது. இடையில் நாடு மாறிவிட்டிருந்தது.

1956-இல் காலிமுகத்திடலில் என்ன நடந்தது?

"இருபத்து நான்கு மணிநேரத்தில் சிங்களம் மட்டும்" என்ற முழக்கத்தோடு பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்தார். ஜூன் 5 அன்று சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கும் மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தது. அன்றைய பாராளுமன்றக் கட்டடம் காலிமுகத்திடலின் ஓரத்தில்தான் இருந்தது. காலையில் செல்வநாயகமும் தொண்டர்களும் வந்து புல்தரையில் அமர்ந்தார்கள். கையில் எதுவும் இல்லை, அமர்வது மட்டுமே திட்டம். சற்று நேரத்தில் கும்பல் திரண்டது. கல் விழுந்தது, பிறகு அடி விழுந்தது. பொலிஸார் நின்று பார்த்தார்கள். உடைகள் கிழிந்து, குருதி வழிந்தும் தொண்டர்கள் திருப்பி அடிக்கவில்லை.

வட்டுக்கோட்டை உறுப்பினர் அ. அமிர்தலிங்கத்தின் தலை உடைந்தது. கட்டுப்போட்ட தலையோடு அவர் சபைக்குள் நுழைந்தபோது, போரில் பெற்ற விழுப்புண் என்று பிரதமர் குறிப்பிட்டார். வெளியே அமர்ந்திருந்தவர்களுக்கு அது போர் அல்ல. அன்று கொழும்பில் தொடங்கிய வன்முறை கிழக்கே கல்லோயாவரை பரவியது.

அந்த விவாதத்தில்தான் இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா, ஒரு மொழி என்றால் இரு நாடு, இரு மொழி என்றால் ஒரு நாடு என்ற எச்சரிக்கையை விடுத்தார். பதினாறு ஆண்டுகள் கழித்துச் சிங்களத்தையே அரச மொழியாக அரசியல் யாப்பில் பொறித்த அமைச்சரும் அவரே.

பண்டா–செல்வா ஒப்பந்தத்தில் என்ன இருந்தது?

1957 ஜூலை 26 அன்று பிரதமர் பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் கையொப்பமிட்டார்கள். நீளமான ஆவணம் அல்ல, ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். படித்தவர்கள் பெரும்பாலும் இவ்வளவுதானா என்று வியக்கிறார்கள்.

முதலில், அதில் எது இல்லை என்று பார்ப்போம். சமஷ்டி இல்லை, அதைப் பேசவே முடியாது என்று பிரதமர் சொன்னதாக ஆவணமே பதிவு செய்கிறது. தமிழுக்குச் சிங்களத்தோடு சம அந்தஸ்து இல்லை. தனிச்சிங்களச் சட்டம் அப்படியே இருக்கும். மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை விரைவில் கவனிக்கப்படும் என்ற அளவில் நின்றது. முந்தைய ஆண்டு திருகோணமலை மாநாட்டில் கட்சி வைத்த நான்கு கோரிக்கைகளில் ஒன்றுகூட முழுதாக நிறைவேறவில்லை.

இருந்தவை இவை. தமிழ், தேசிய சிறுபான்மையினரின் மொழியாக ஏற்கப்படும், வடக்கு கிழக்கில் நிருவாகம் தமிழில் நடக்கும். வடக்குக்கு ஒரு பிரதேச சபை, கிழக்குக்கு இரண்டோ அதற்கு மேலோ. அவை விரும்பினால் தங்களுக்குள் இணையலாம். விவசாயம், கல்வி, சுகாதாரம், மீன்பிடி, வீதி போன்றவை சபையின் கையில் இருக்கும். எல்லாவற்றிலும் முக்கியமாக, குடியேற்றத் திட்டங்களில் காணி யாருக்கு என்று தீர்மானிக்கும் அதிகாரம் சபைக்கு வரும். கல்லோயா போன்ற அரச திட்டங்களால் கிழக்கின் குடிப்பரம்பல் மாறிக்கொண்டிருந்த காலத்தில், அந்த ஒரு வாசகத்துக்காகவே செல்வநாயகம் மற்றவற்றை விட்டுக்கொடுத்தார் என்று நான் கருதுகிறேன். ஓர் உறுதியில் எந்தப் பந்தி கனமானது என்று அவருக்குத் தெரியும்.

இதை இடைக்கால ஏற்பாடு என்றுதான் அவர் சொன்னார். ஆகஸ்ட் 20-க்கு அறிவித்திருந்த சத்தியாக்கிரகத்தைக் கைவிட்டார். சொந்தக் கட்சியிலும் முணுமுணுப்பு எழுந்தது. அதைத் தாங்கிக்கொண்டார்.

அந்த ஒப்பந்தம் ஏன் முறிந்தது?

எதிர்க்கட்சிக்கு அது வாய்ப்பாகிவிட்டது. 1957 அக்டோபரில் ஜே. ஆர். ஜெயவர்தன கண்டிக்கு எதிர்ப்பு நடைபயணம் கிளம்பினார். இம்புல்கொடையில் அது மறிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, இலக்கத் தகடுகளில் சிங்கள "ஸ்ரீ" எழுத்துப் பொறித்த பஸ்களை அரசு வடக்குக்கும் அனுப்பியது. தமிழரசுக் கட்சியினர் அந்த எழுத்தை அழித்துத் தமிழ்ச் "சிறீ" எழுதினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசப்பட்டது.

1958 ஏப்ரல் 9 அன்று பிக்குமார் கொழும்பு ரோஸ்மீட் பிளேசில் பிரதமரின் வீட்டு முன்றிலில் அமர்ந்தார்கள். ஒப்பந்தத்தைக் கைவிடும்வரை எழமாட்டோம் என்றார்கள். மாலைக்குள் பண்டாரநாயக்க பணிந்தார். வாய்ச்சொல் போதாது என்று அவர்கள் கேட்க, எழுதியும் கொடுத்தார். எழுத்தில் இருந்த ஒப்பந்தத்தை இன்னோர் எழுத்து அழித்தது.

மே மாத இறுதியில் வெடித்த இனக்கலவரத்தில் நூற்றுக்கணக்கான தமிழர் கொல்லப்பட்டார்கள். தமிழரசுக் கட்சித் தலைவர்கள் தடுத்து வைக்கப்பட்டார்கள். அவர்கள் சபையில் இல்லாத ஆகஸ்டில் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் நிறைவேறியது. மறு ஆண்டு செப்டம்பரில் ஒரு பிக்குவின் துப்பாக்கியால் பண்டாரநாயக்கவும் இறந்தார்.

1961 சத்தியாக்கிரகத்தில் தமிழ்த் தபால் முத்திரை வெளியிட்டார்களாமே?

ஆம். தனிச்சிங்களச் சட்டம் அந்த ஆண்டு ஜனவரி முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பிப்ரவரி 20 அன்று யாழ்ப்பாணம் கச்சேரி எனப்படும் மாவட்ட அரச அலுவலகத்தின் வாசலில் மறியல் தொடங்கியது. பின்னர் வடக்கு கிழக்கின் மற்றக் கச்சேரிகளுக்கும் பரவியது. பெண்கள் பெருந்திரளாக வந்து அமர்ந்தார்கள், முஸ்லிம்களும் கலந்துகொண்டார்கள். ஏறத்தாழ இரண்டு மாதம் அரச நிருவாகம் ஓடவில்லை.

ஏப்ரல் 14 அன்று செல்வநாயகம் தமிழரசுத் தபால் சேவையைத் தொடங்கிவைத்தார். மக்கள் வரிசையில் நின்று முத்திரை வாங்கினார்கள். என் பாட்டனார் அப்படி ஒன்றை வாங்கித் தன் குறிப்பேட்டுக்குள் ஒட்டி வைத்திருந்தார். பல முறை இடம்பெயர்ந்ததில் அந்தக் குறிப்பேடு தொலைந்துவிட்டது. கடிதம் அனுப்பவோ காசு சேர்க்கவோ அல்ல, தங்கள் மொழியில் ஓர் அரச அலுவல் நடப்பதை ஒரு நாளாவது கண்ணால் பார்க்கவே அவர்கள் வாங்கினார்கள்.

சில நாட்களில் அவசரகாலச் சட்டம் வந்தது. இராணுவம் சத்தியாக்கிரகிகளை அகற்றியது, தலைவர்கள் பனாகொட முகாமில் அடைக்கப்பட்டார்கள்.

ஒருமுறை ஏமாந்தபின் டட்லி சேனாநாயக்கவை ஏன் நம்பினார்?

எனக்கு மிகவும் கடினமான கேள்வி இதுதான்.

1965 தேர்தலில் யாருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. தமிழரசுக் கட்சியிடம் 14 இடங்கள். மார்ச் 24 அன்று ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் டட்லியும் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார்கள். இம்முறை கேட்டது இன்னும் குறைவு: தமிழ்மொழிச் சட்டத்துக்கு ஒழுங்குவிதிகள், மாவட்ட சபைகள், காணி வழங்குவதில் முன்னுரிமை. வடக்கு கிழக்கில் முதலில் அந்தந்த மாவட்டத்துக் காணியற்றோருக்கு, அடுத்து அங்குள்ள தமிழ்பேசுவோருக்கு, அதன்பின் மற்றவர்களுக்கு என்பது வரிசை. செனட்டர் மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார். செல்வநாயகம் தனக்கெனப் பதவி எதுவும் கேட்கவில்லை.

1966 ஜனவரியில் ஒழுங்குவிதிகள் வந்தன. மாவட்ட சபை மசோதா 1968-இல் கைவிடப்பட்டது. முன்பு பண்டாரநாயக்கவின் ஒப்பந்தத்தை ஜே. ஆர். தரப்பு எதிர்த்தது போலவே, இப்போது எதிர்க்கட்சியிலிருந்த ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் தரப்பு இதை எதிர்த்தது. ஆளும் கட்சிக்குள்ளேயும் எதிர்ப்பு இருந்தது. திருச்செல்வம் பதவி விலகினார்.

நம்பியது தவறா? வேறு வழி என்ன இருந்தது என்று திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது. பாராளுமன்றத்தில் பத்துப் பதினைந்து பேரை வைத்திருக்கும் கட்சிக்கு, வன்முறையை நாடாமல் கிடைக்கக்கூடியது பெரும்பான்மைத் தலைவர் ஒருவரின் கையொப்பம் மட்டுமே. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அந்த ஒப்பந்தம் மக்களுக்கு வெளியிடப்படவில்லை. மூடிவைத்த காகிதத்துக்கு ஊரில் காவல் இருக்காது.

கிறிஸ்தவரான அவரை இந்துக்கள் எப்படித் தலைவராக ஏற்றார்கள்?

எதிர்த்து நின்றவர்கள் அவருடைய மதத்தை மேடையில் இழுத்தது உண்டு. அது எடுபடவில்லை. இந்துக்கள் பெரும்பான்மையான தொகுதி அவரைத் திரும்பத் திரும்ப அனுப்பியது. தன் சமயத்தை அவர் மறைக்கவும் இல்லை, அரசியலுக்குள் கொண்டுவரவும் இல்லை. வேட்டி உடுத்த, மெலிந்த, மெதுவாகப் பேசும் அந்த மனிதரை மக்கள் தந்தை என்று அழைத்தார்கள். பிற்காலத்தில் பார்க்கின்சன் நோயும் காது மந்தமும் சேர்ந்துகொள்ள, அவர் பேசுவதை அருகில் இருப்பவர் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அப்போதும் கூட்டம் அமைதியாக அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று கேட்டவர்கள் சொல்வார்கள்.

அவர்மீது நியாயமான குறை எதுவும் இல்லையா?

உண்டு. சாதி ஒன்று. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் அவருடைய தொகுதிக்குள்தான் இருக்கிறது. 1968-இல் அங்கே ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தபோது தமிழரசுக் கட்சி முன்னால் வந்து நிற்கவில்லை. மொழிக்காக அடிவாங்கத் துணிந்தவர்கள், வாசலில் நிறுத்தப்பட்ட தமிழருக்காகத் துணியவில்லை என்ற இடதுசாரிகளின் குற்றச்சாட்டை நான் மறுக்க மாட்டேன். வேற்று மதத்தவர் என்பதால் அவர் ஒதுங்கினார் என்ற சமாதானம் எனக்குப் போதவில்லை.

கட்சியின் தலைமை பெரும்பாலும் கொழும்பில் தொழில் நடத்திய அப்புக்காத்துமாரின் கையில் இருந்தது என்பதும் உண்மை.

1972-இல் பதவியை ஏன் துறந்தார்?

1970 தேர்தலில்கூட, நாட்டைப் பிரிக்கக் கேட்போரை ஆதரிக்க வேண்டாம் என்று தமிழரசுக் கட்சி மக்களிடம் கேட்டது. அந்தத் தேர்தலில் தனிநாடு கேட்டு நின்றவர்களை மக்களும் தோற்கடித்தார்கள். அதன்பின், புதிய யாப்பை எழுதக் கூடிய அரசியல் நிர்ணய சபைக்குச் சென்று சமஷ்டித் திட்டத்தை வைத்தார்கள். ஏற்கப்படவில்லை. மொழி பற்றிய திருத்தங்களும் தள்ளப்பட்டபின் வெளியேறினார்கள். 1972 மே 22 அன்று வந்த குடியரசு யாப்பு, சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த பழைய 29-ஆம் பிரிவை அகற்றியது. பௌத்தத்துக்கு முதலிடம் கொடுத்தது.

அக்டோபரில் செல்வநாயகம் தன் ஆசனத்தைத் துறந்தார். இந்த யாப்பைத் தமிழ் மக்கள் ஏற்கிறார்களா என்று காங்கேசன்துறையில் கேட்டுப் பாருங்கள், அரசு ஆள் நிறுத்தட்டும் என்றார். அரசு இரண்டு ஆண்டுக்கு மேல் இடைத்தேர்தலை நடத்தவில்லை. 1975 பிப்ரவரி 6 அன்று நடந்தபோது அவருக்கு வயது 76. கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம் 9,457 வாக்குகள் பெற்றார், செல்வநாயகம் 25,927. இறைமையுள்ள தமிழீழத்துக்கு மக்கள் தந்த ஆணையாக இதைக் கருதுகிறேன் என்று அவர் அறிவித்தார்.

வட்டுக்கோட்டைத் தீர்மானம் அவருடையதா? ஆயுதப் போராட்டத்தை ஆதரித்தாரா?

1976 மே 14 அன்று அவருடைய தலைமையில்தான், தமிழரசுக் கட்சியும் தமிழ்க் காங்கிரசும் சேர்ந்திருந்த தமிழர் விடுதலைக் கூட்டணி தனிநாட்டுத் தீர்மானத்தை நிறைவேற்றியது. கூட்டுத் தலைவர்களில் ஒருவரான மலையகத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான், மலையக மக்களின் நிலைமை வேறு என்பதால் அதில் சேரவில்லை.

ஆயுதத்தை அவர் ஆதரிக்கவில்லை. ஆனால் இளைஞர்கள் அவரைச் சுற்றிப் பொறுமையிழந்து நின்றார்கள், அவர் பொறுத்துப் பெற்றது என்ன என்று கேட்டார்கள். காட்டுவதற்கு அவரிடம் இரண்டு காகிதங்கள்தான் இருந்தன. "தமிழ் மக்களைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும்" என்று கடைசிக் காலத்தில் அவர் சொன்னதாக எங்கள் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும்.

எப்போது இறந்தார்? நினைவிடம் எங்கே?

சில மாதங்களுக்குள் ஒரு தலைமுறையே போயிற்று. 1976 நவம்பரில் திருச்செல்வம், 1977 பிப்ரவரியில் பழைய தோழரும் நெடுநாள் எதிராளியும் கடைசியில் மீண்டும் தோழருமான ஜி. ஜி. பொன்னம்பலம், ஏப்ரல் 26 அன்று செல்வநாயகம். கிறிஸ்தவரான அவருடைய உடல் யாழ்ப்பாணம் முற்றவெளியில் தகனம் செய்யப்பட்டது. மூன்று மாதம் கழித்து நடந்த தேர்தலில் கூட்டணி 18 இடங்களை வென்றது, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு அருகே உயர்ந்து நிற்கிறதே ஒரு தூண், அதுதான் அவருடைய நினைவுத்தூபி. நகரத்தில் எங்கிருந்து வந்தாலும் முதலில் அது கண்ணில் படும். போகிறவர்கள் நூலகத்துக்கும் போங்கள், பண்டா–செல்வா ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கி அங்கேயே இருந்து படித்துவிட்டு வாருங்கள். அரை மணிநேரம்கூட ஆகாது.